பல்கலைக்கழக விண்ணப்பச் செலவும் உதவி பெறும் வழிகளும்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தது முதல் இந்த நிலை தொடர்கிறது. பாடசாலை மூலம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவருக்குப் பரீட்சைக் கட்டணமும் கிடையாது. தனிப்பட்ட பரீட்சார்த்திகளே அதைச் செலுத்துகிறார்கள். ஆகவே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதில் செலவு என்று சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாட்கூலியிலும் கடற்றொழிலிலும் தங்கியிருக்கும் வீடுகளுக்கு அதன் விடை தெரியும். பெறுபேறு வந்த நாளிலிருந்து வளாகத்தில் பதியும் நாள்வரை நூறும் ஐந்நூறும் ஆயிரமுமாகப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் சிறியது. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் வந்து நிற்பதுதான் வீட்டைத் திணறடிக்கிறது.

அரச பல்கலைக்கழக அனுமதியை 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நடத்துகிறது. அதன்கீழ் 17 பல்கலைக்கழகங்கள் உள்ளன. தனியாக விண்ணப்பம் கோரும் திறந்த பல்கலைக்கழகத்தை விட்டால் மற்றெல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம் போதும். மாணவர் தமக்கு விருப்பமான கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் விருப்ப வரிசைப்படி குறிக்கிறார். உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியும் அகில இலங்கைத் திறமை, மாவட்டம் முதலிய ஒதுக்கீடுகளும் பார்த்து இடம் வழங்கப்படுகிறது. பத்துத் தெரிவுகள் எழுதினாலும் ஐம்பது எழுதினாலும் விண்ணப்பம் ஒன்றுதான். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே கட்டணம் கட்டும் நாடுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகை. பக்கத்துத் தமிழ்நாட்டிலும் பொறியியல் கலந்தாய்வுக்கு ஒரே பதிவுதான். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 250 இந்திய ரூபாவும் மற்றப் பிரிவினருக்கு 500 ரூபாவும் அறவிடப்படுகிறது. இலங்கையில் சமூகப் பிரிவு பார்த்துக் கட்டணம் குறையும் முறை கிடையாது. பணமில்லாத மாணவருக்கு வேறு வழிகளால்தான் உதவி வந்து சேர வேண்டும்.

தெரிவுகளைக் குறைத்து எழுதுவதால் ஒரு சதமும் மிச்சமாகாது. தூரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விடுதிச் செலவும் பயணச் செலவும் தாங்காது என்று பயந்து, யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு என்று மூன்றோடு நிறுத்திவிடும் மாணவர் உண்டு. இது வீண் இழப்பு. மகாபொலப் புலமைப்பரிசிலும் விடுதியும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. செலவைப் பற்றிய கவலை இடம் கிடைத்தபின் தீர்க்க வேண்டியது. விண்ணப்பம் எழுதும் மேசையில் அதற்கு இடமில்லை.

கைநூலும் படிவமும்

ஒவ்வோர் ஆண்டும் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூலே அந்த ஆண்டுக்கான சட்டம். கட்டணம், இறுதித் திகதி, வருமான எல்லை, இணைக்க வேண்டிய பத்திரங்கள் எல்லாம் அதிலேதான் உள்ளன. கடந்த ஆண்டு அண்ணன் கட்டிய தொகையை நம்பி இந்த ஆண்டு தங்கை வங்கிக்குப் போகக்கூடாது. அச்சுப் பிரதி புத்தகக் கடைகளில் விற்கப்படுகிறது. அதே நூல் தமிழிலும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வகுப்புக்கு ஓர் அச்சுப் பிரதியைப் பாடசாலை வாங்கி நூலகத்தில் வைத்தால் முப்பது வீடுகளுக்கு ஒரு செலவு குறையும். இதற்குத் தனி நிதி தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒரு தீர்மானம் போதும்.

விண்ணப்பம் இணையவழியில் நிரப்பப்படுகிறது. வீட்டில் கணினி இல்லாதவர் கொமினிகேஷன் கடைக்குப் போகிறார். அங்கே கடைக்காரரே நிரப்பிக் கொடுத்து ஒரு தொகை கேட்பார். பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து இதில் இருக்கிறது: கற்கைநெறிக் குறியீடு ஒன்று மாறிப் பதிந்தால் மாணவரின் நான்கு வருடம் மாறிவிடும். பாடசாலைக் கணினி அறையில் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, மாணவர் தாமே நிரப்புவதே நல்லது. பல பாடசாலைகள் கேட்டால் இதற்கு அறையைத் திறந்துவிடும். கேட்காத மாணவருக்காக எந்த அதிபரும் அறையைத் திறந்து காத்திருக்க மாட்டார்.

பத்திரங்கள்

செலவின் பெரும்பகுதி கட்டணத்தில் இல்லை, கடதாசியில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், வதிவிடச் சான்று, வருமானச் சான்று, இவை ஒவ்வொன்றினதும் மூன்று நான்கு போட்டோக் கொப்பிகள், அவற்றில் உண்மைப் பிரதி என்ற ஒப்பம், கடைசியாகப் பதிவுத் தபால். இதில் எந்தப் பத்திரத்துக்கும் தனியாகப் பெரிய விலை இல்லை. அதைப் பெற எத்தனை தடவை பஸ் ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு.

நெடுந்தீவு மாணவி ஒருத்தியின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களில் அதுவும் ஒன்று. ஆகவே கிராம அலுவலரின் சான்றும் அதன் மேலொப்பமும் தீவிலேயே முடிந்துவிடும். யாழ்ப்பாண நகரில் ஒரு வேலை என்றால் காலையில் குமுதினிப் படகிலோ வேறு படகிலோ ஏறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் பிடித்து, புங்குடுதீவு, வேலணை வழியாக நகரத்துக்கு வர வேண்டும். உரிய அலுவலர் களப்பணிக்குப் போயிருந்தாலோ கடல் கொந்தளித்துப் படகு நின்றாலோ அந்த நாள் போயிற்று; நகரத்தில் உறவினர் வீடு இல்லையென்றால் தங்கவும் வழியில்லை. அன்று உழைக்காமல் கூட வந்த தகப்பனின் கூலியும் சேர்த்தால், பத்து ரூபாக் கொப்பிக்கு ஒரு வீட்டின் ஒரு நாள் வருமானம் போய்விடுகிறது.

இந்தச் செலவைக் குறைக்க ஒரே உபாயம் முன்கூட்டிச் சேர்ப்பது. பரீட்சை முடிந்து பெறுபேறு வருமட்டும் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியையும் அடையாள அட்டையையும் அந்த இடைவெளியில் பெற்றுவிடலாம். அவற்றுக்குப் பெறுபேறு தேவையில்லை. பெயரில் எழுத்து வேறுபாடு இருந்தால், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருந்தால், அதைத் திருத்தவும் அதுவே காலம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து பல பாடசாலைகள் மாறிய பெற்றோரின் பிள்ளைகளிடம் இத்தகைய வேறுபாடு இன்னும் நிறையவே காணப்படுகிறது. வதிவிட, வருமானச் சான்றுகளை மாத்திரம் கடைசியில் எடுக்க வேண்டும், ஏனெனில் அவை அண்மைத் திகதியில் இருக்க வேண்டும் என்று கேட்கப்படலாம்.

பிரதிகளைச் சான்றுப்படுத்தப் பணம் கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் சமாதான நீதவான் இருக்கிறார். ஓய்வுபெற்ற அதிபரோ தபாலதிபரோ பெரும்பாலும் அந்தப் பதவியை வகிப்பார். மூலப் பத்திரத்தையும் பிரதியையும் ஒன்றாகக் கொண்டுபோனால் ஒரே தடவையில் எல்லாவற்றிலும் ஒப்பம் வாங்கலாம். மூலத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வருவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தல் தேவைப்பட்டால், அதன் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணக் கச்சேரியில் உண்டு. இது தெரியாமல் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வருமானச் சான்று

உதவி எல்லாவற்றுக்கும் திறவுகோல் இந்த ஒரு பத்திரம்தான். மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்குச் சம்பளச் சிட்டை இருக்கிறது, கணக்கு எளிது. கடற்றொழிலாளி, சீவல் தொழிலாளி, தோட்டக் கூலி, தையல் வேலை செய்யும் தாய் ஆகியோரின் வருமானத்துக்குச் சிட்டை கிடையாது. கிராம அலுவலர் விசாரித்து எழுதுவதே சான்று. அவர் எழுதுவது சரியாக அமைய, அவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கும் வீடு என்றால் அதற்கான ஆதாரம், தகப்பன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், நோயாளி இருந்தால் வைத்தியசாலை கிளினிக் புத்தகம், படிக்கும் மற்றப் பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், இவை இருந்தால் அவர் ஒரு மதிப்பீட்டுக்கு வர முடியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் எப்போதாவது அனுப்பும் பணம் பற்றியும் மறைக்காமல் சொல்வதே நல்லது. அது நிரந்தர வருமானம் அல்ல என்பதை விளக்கலாம். மறைத்தது பின்னர் தெரியவந்தால் கிடைத்த உதவியும் நின்றுவிடும்.

கிராம அலுவலரின் சான்றில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். கிராம அலுவலர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. இரண்டு ஒப்பங்களுக்கும் இரண்டு நாள் என்று முதலே ஒதுக்கி, இறுதித் திகதிக்கு ஒரு வாரம் முன்னரே முடிப்பது பாதுகாப்பு.

உளச்சார்புப் பரீட்சைகள்

பொதுவான விண்ணப்பத்துக்கு அப்பால் செலவு உயர்வது இங்கேதான். கட்டடக்கலை, வடிவமைப்பு, இசை, நடனம், சித்திரம், உடற்கல்வி, மொழிபெயர்ப்பு முதலிய கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. உரிய பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சை அல்லது செயன்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி இறுதித் திகதி. பத்திரிகையில் வரும் அறிவித்தலைத் தவறவிட்டால், பொது விண்ணப்பத்தில் அந்தக் கற்கைநெறியை முதலாவதாக எழுதியிருந்தும் பயனில்லை.

யாழ்ப்பாண மாணவருக்கு இசையும் நடனமும் சித்திரமும் கிட்டத்தில் உண்டு: மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம் இருக்கிறது. மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் விண்ணப்பிப்பவர் அங்கே போய்வர வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைக்கு விண்ணப்பிப்பவர் தெற்கே பயணப்பட வேண்டும். போக்குவரத்தும் ஓர் இரவுத் தங்கலும் பரீட்சைக் கட்டணத்தைவிடக் கூடுதலாகிவிடும். பெண்பிள்ளையோடு பெரியவர் ஒருவர் போனால் அது இரட்டிப்பாகும்.

இதற்கு உதவி கேட்க ஏற்ற இடம் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம். யாழ்ப்பாணத்தின் பெரிய பாடசாலைகளின் சங்கங்களுக்குக் கொழும்பில் கிளை உண்டு. பணமாகக் கேட்பதைவிட, பரீட்சை இரவில் தங்க ஓர் இடமும் நிலையத்திலிருந்து பரீட்சை மண்டபத்துக்கு வழிகாட்டவும் கேட்பது பலன் தரும். கொழும்பிலிருக்கும் பழைய மாணவருக்கு இது எளிய காரியம். விடுதி வாடகை முழுவதும் மிச்சமாகிறது. ஒரே பரீட்சைக்கு ஒரே ஊரிலிருந்து மூன்று நான்கு பேர் போகும்போது ஒரு பெரியவர் எல்லாரையும் கூட்டிப்போனால் மற்றப் பெற்றோரின் செலவு குறையும். பாடசாலைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால்தான் இது நடக்கும். இப்போது அவரவர் தனித்தனியாகவே போய்வருகிறார்கள்.

பணம் கேட்கும் இடங்கள்

படிப்புக்கு வெளியூர்ப் பணம் வருவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1823 இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் மாணவர் செலவை அமெரிக்கக் கொடையாளர்கள் ஏற்றார்கள். கொடையாளரின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. அந்தச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். இன்று அந்தப் பணம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் ஊரவரிடமிருந்து வருகிறது, பெயரை மாற்றச் சொல்லாமல்.

வரும் வழிகள் மூன்று. ஒன்று, பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் அவற்றின் வெளிநாட்டுக் கிளைகளும். இரண்டு, ஊரின் பெயரால் இயங்கும் ஒன்றியங்கள். இவற்றின் உள்ளூர்த் தொடர்பு பெரும்பாலும் சனசமூக நிலையமோ வாசிகசாலையோதான். மூன்று, கோயில்களும் தேவாலயங்களும் அறநிலையங்களும். தொண்டைமானாற்றிலுள்ள சந்நிதியான் ஆச்சிரமம் மாணவருக்குத் துவிச்சக்கர வண்டியும் கல்வி உதவியும் கொடுத்துவரும் இடங்களில் ஒன்று. சிறிய பாடசாலையில் படித்த மாணவருக்குப் பெரிய பழைய மாணவர் சங்கம் இருக்காது. அவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் கைகொடுக்கும்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். பொதுவாக "படிப்புக்கு உதவி தேவை" என்று எழுதும் கடிதம் கோப்பில் தூங்கும். எதற்கு, எவ்வளவு, எந்தத் திகதிக்கு முன் என்று எழுதினால் படிப்பவர் உடனே முடிவெடுக்கலாம். ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. முதலில் மாணவரின் பெயர், பாடசாலை, உயர்தரப் பிரிவு, பெறுபேறு, மாவட்ட நிலை. அடுத்து வீட்டு நிலை இரண்டு வசனங்களில். அதன்பின் செலவுப் பட்டியல், உதாரணமாக உளச்சார்புப் பரீட்சைக் கட்டணம் இவ்வளவு, பஸ் இவ்வளவு, தங்கல் இவ்வளவு. கடைசியில் அதிபரின் பரிந்துரையும் ஒப்பமும். வங்கிக் கணக்கு மாணவரின் அல்லது பெற்றோரின் பெயரில் இருக்க வேண்டும். பணம் கிடைத்தபின் பற்றுச்சீட்டின் பிரதியை அனுப்பி ஒரு வரி நன்றி எழுதுவது மரியாதைக்கு மட்டுமல்ல: அடுத்த ஆண்டு அதே பாடசாலையிலிருந்து கேட்கும் பிள்ளைக்கு அதுதான் சிபாரிசு.

கையேந்துவதாக நினைத்து வெட்கப்படும் வீடுகள் நிறைய. அந்த மானத்தை மதித்தே நடக்க வேண்டும். வகுப்பாசிரியர் ஒருவர் பெற்றோரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டால் சொல்லாதவரும் சொல்வார்கள். காலைப் பிரார்த்தனையில் எல்லார் முன்னும் வறிய மாணவரை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கமும், உதவி கொடுக்கும்போது படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பும் வழக்கமும் ஒழிய வேண்டியவை. அவற்றுக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மகாபொல, உதவிப்பணம், ஜனாதிபதி நிதியம்

அனுமதி கிடைத்தபின் கைகொடுக்கும் அரச உதவிகளில் முதலாவது மகாபொல. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடங்கிய இத்திட்டத்துக்கு 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் நம்பிக்கை நிதியம் அமைந்தது. திறமை அடிப்படையிலும் குடும்ப வருமான அடிப்படையிலும் தெரிவு நடைபெறுகிறது. 2025 வரவு செலவுத் திட்டம் மாதத் தொகையை 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்தியது. மகாபொல கிடைக்காத வறிய மாணவருக்குப் பல்கலைக்கழகம் வழியாகப் பேசறி எனப்படும் உதவிப்பணம் உண்டு. அது அதே வரவு செலவுத் திட்டத்தில் 6500 ரூபாவானது. ஒருவர் இரண்டையும் பெற முடியாது.

இந்தப் பணம் பதிவு நாளில் கையில் வராது. தெரிவு முடிந்து முதல் தவணை வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். விடுதி, மெத்தை, புத்தகம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் அதற்கு முன்னரே வந்துவிடும். ஆகவே ஊர்ச் சங்கங்களிடம் கேட்பவர் நான்கு வருடச் செலவைக் கேட்பதைவிட இந்த முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம், பயனும் அதிகம்.

1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் மருத்துவ உதவிக்கே பெரிதும் அறியப்பட்டது. உயர்தரம் படிக்கும் குறைந்த வருமானக் குடும்ப மாணவருக்குப் புலமைப்பரிசிலும் அது வழங்கிவந்திருக்கிறது. முன்னர் இதற்காகக் கொழும்போடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இடம் கிடைக்காதவருக்கு

உயர்தரத்தில் தகுதி பெறுபவரில் ஒரு பகுதியினருக்கே பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. ஏனையோருக்கும் செலவு குறைந்த வழிகள் உண்டு. இவற்றின் விண்ணப்பங்களைப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திராமல் போட்டுவைக்க வேண்டும். கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணத் தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியப் பயிற்சியை இலவசமாகத் தருகிறது. இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் யாழ்ப்பாண நிறுவனத்தில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. கொக்குவிலில் பிராந்திய நிலையம் கொண்ட திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு. உழைத்துக்கொண்டே படிப்பவருக்கு அது ஏற்றது.

தனியார் நிறுவனத்தில் சேர்வதற்கு அரசு 2017 இல் தொடங்கிய வட்டியற்ற மாணவர் கடன் திட்டம் உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவருக்கே அது. பிணையாளர் தேவை, அரச வேலையில் இருக்கும் உறவினர் இல்லாத வீடுகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. கடன் எடுக்குமுன் அந்த நிறுவனம் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் பட்டம் வழங்க அனுமதி பெற்றதா, தொழிற்கல்வி என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். பதிவில்லாத பட்டத்துக்குக் கட்டிய விண்ணப்பப் பணம் சிறிய இழப்பு. போன மூன்று வருடங்கள் பெரிய இழப்பு.

வெளிநாட்டு விண்ணப்பங்கள்

இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. இளநிலைப் பட்டத்துக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலும் முதுநிலைக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும் இலங்கை மாணவருக்கென்றே உள்ளன. அறிவித்தல் கல்வி அமைச்சு வழியாக வரும். 2010 இல் திறக்கப்பட்ட இந்தியத் துணைத்தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருப்பதால் நேரே போய்க் கேட்கலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 50 முதல் 90 டொலர். ஐந்து கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் போய்விடும். ஆனால் பல கல்லூரிகள் சேர்ந்து பயன்படுத்தும் கொமன் அப் விண்ணப்பத்தில் கட்டண விலக்குக் கோரும் பகுதி ஒன்று இருக்கிறது. பாடசாலை அலுவலரோ சமூகத் தலைவர் ஒருவரோ குடும்பத்தின் நிலையை எழுத்தில் உறுதிப்படுத்துவது அதற்குரிய தகுதிகளில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் அது அதிபராக இருக்கலாம், பங்குத் தந்தையாகவும் இருக்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு விலக்கு அளிப்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கல்லூரியின் அனுமதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் விலக்குக் குறியீடு அனுப்பும் கல்லூரிகள் உண்டு. கட்டணமே அறவிடாத கல்லூரிகளும் உண்டு. கல்லூரி அனுமதிக்கான சற் (SAT) பரீட்சையின் கட்டண விலக்கு மாத்திரம் அமெரிக்க மாணவருக்கே உரியது; பரீட்சையைக் கட்டாயமாக்காத கல்லூரிகளைத் தெரிந்தெடுத்தால் அந்தச் செலவே வராது. கொழும்பிலுள்ள அமெரிக்க - இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு இவற்றுக்கு ஆலோசனை வழங்குகிறது.

ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்பித்தல் கட்டணம் இல்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் நிறுவனம் வழியாகவே பெறுகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆகவே தெரிவுகளை ஒரே பருவத்தில் சேர்த்து அனுப்புவது இலாபம். யூனி-அசிஸ்ட் இல்லாமல் நேரடியாக ஏற்கும் பல்கலைக்கழகங்களைத் தேடுவது அதைவிட இலாபம்.

இந்தக் கட்டணங்கள் வெளிநாட்டு நாணயத்தில் வங்கி அட்டையால் செலுத்தப்பட வேண்டும். பல வீடுகளில் அப்படியோர் அட்டை இல்லை. வெளிநாட்டிலுள்ள மாமாவோ சித்தியோ தமது அட்டையால் நேரே கட்டிவிடலாம். முகவருக்குப் பணம் கொடுத்துக் கட்டச் சொல்வதைவிட இது மலிவு, பற்றுச்சீட்டும் மாணவரின் மின்னஞ்சலுக்கே வரும். நகரில் வெளிநாட்டுப் படிப்புக்கென்று முகவர் நிலையங்கள் பல உள்ளன. அவர்கள் தங்கள் சேவைக்குக் கட்டணம் கேட்கலாம். ஆனால் கட்டணமில்லாத புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு "பதிவுப் பணம்" கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். மூலச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் எந்த முகவரிடமும் விட்டுவரக் கூடாது. விண்ணப்பத்தின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவரிடமே இருக்க வேண்டும்.

கட்டண விலக்கு எந்த நாட்டிலாயினும் கட்டுமுன் கேட்க வேண்டியது. ஒருதரம் கட்டிய விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது.